கறுப்புத் தண்ணீரின் அடியில்

அந்தமான் கடலைக் “காலா பானி” என்று வடநாட்டார் அழைத்தார்கள். கறுப்புத் தண்ணீர் என்று அதற்கு அர்த்தம். கடல் தாண்டினால் ஜாதி போய்விடும் என்று நம்பிய காலத்தில் அந்தப் பெயரே பாதி தண்டனை. 1858ஆம் ஆண்டில் ஆங்கில சர்க்கார் அங்கே கைதிகளைக் கொண்டுபோய்க் குடியேற்றத் தொடங்கிய பிறகு, ஜாதியோடு ஆளும் போய்விடுவான் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. நம் பக்கத்தில் இதற்குத் தீவாந்தர சிட்சை என்று பெயர். 1906ஆம் ஆண்டில் கட்டி முடிந்த செல்லுலார் சிறையில் தேசபக்தர்கள் பலர் செக்கிழுத்தும் தேங்காய் நார் அடித்தும் தங்கள் வாலிபத்தைக் கழித்தார்கள். சிறைக்கு வெகு சமீபத்தில் கடல். ஆனால் அவர்களுக்கு அது அகழி. அகழியின் அடியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க அவர்களுக்கு வழி இருந்ததில்லை.

நமக்கு வழி இருக்கிறது. ஒரு கண்ணாடி, ஒரு குழாய், கொஞ்சம் தைரியம், இவ்வளவுதான் வேண்டும். நீருக்குள் முகத்தை வைத்த மாத்திரத்தில் தெரிந்துகொள்ளும் முதல் விஷயம், அந்தத் தண்ணீர் கறுப்பே அல்ல என்பது. நல்ல வெயில் நாளில் இருபது அடி ஆழத்தில் கிடக்கும் சிப்பியின் வரிகளைக்கூட எண்ணிவிடலாம்.

தென் அந்தமானின் மேற்குக் கரையோரத்தில், வண்டூர் என்னும் ஊருக்கு எதிரே சிதறிக் கிடக்கும் பதினைந்து தீவுகளையும், அவற்றைச் சூழ்ந்த கடலையும் சேர்த்து 1983ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பரப்பு ஏறக்குறைய 281 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். பூங்கா என்றதும் பெஞ்சியும் புல்தரையும் நினைவுக்கு வரும். இந்தப் பூங்காவில் செடி என்று நாம் நினைப்பதெல்லாம் பிராணிகள். கல் என்று நினைப்பதும் பிராணிதான். இதற்கு மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா என்று பெயர். எந்த உயிரையும் துன்புறுத்தாமல் போய்வர வேண்டிய இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேயரிலிருந்து வண்டூருக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அங்கே கரையில் முதலை பற்றிய எச்சரிக்கைப் பலகையைக் காண்பீர்கள். அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல. உப்பங்கழிகளில் வாழும் பெரிய முதலைகள் கடலிலும் நீந்தக் கூடியவை. ஆகையால் குளிக்கலாம் என்று காட்டிய இடத்தைத் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது. தமிழ்க் குடும்பஸ்தர்களுக்கு “நம்மை என்ன செய்யும்?” என்று ஒரு வழக்கம் உண்டு. முதலைக்கு அந்த வழக்கம் தெரியாது.

படகு ஏறுமுன் வன இலாகாவின் அனுமதிச் சீட்டு வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். பிறகு மூட்டையைச் சோதிக்கிறார்கள். பிளாஸ்டிக் பைக்கு இடமில்லை. தண்ணீர்ப் புட்டி கொண்டுபோனால் அதற்குப் பிணைத்தொகை கட்டி, திரும்பும்போது புட்டியைக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். இதைக் கேட்டதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். நம் ஊர்க் கோயில் குளங்களின் கரையில் ஒரு தடவை நடந்து பார்த்தவர்கள் சுளிக்க மாட்டார்கள். இந்த முறையை இங்கேயும் ஏன் கொண்டுவரக் கூடாது என்றுதான் கேட்பார்கள்.

பிரயாணிகள் போகக் கூடிய தீவுகள் முக்கியமாக இரண்டு. ஒன்று ஜாலி பாய். மற்றொன்று ரெட் ஸ்கின். வேனிற்காலப் பருவத்தில் ஜாலி பாய் திறந்திருக்கும். மழைக்காலத்தில் அதை மூடிவிட்டு ரெட் ஸ்கின் தீவுக்கு அழைத்துப் போவார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு ஏமாற்றந்தான். ஆனால் இந்த ஏற்பாட்டின் சூட்சுமத்தை நம் குடியானவரிடம் சொன்னால் ஒரு நொடியில் புரிந்துகொள்வார். நிலத்தை ஒரு போகம் தரிசு போட்டு ஆறவிடுவதில்லையா? அதேபோல் கடல் அடியையும் சில மாதம் ஆறவிடுகிறார்கள். படகு நங்கூரமும் மனிதர் காலும் படாத அந்த நாட்களில், புண்பட்ட பவழம் கொஞ்சம் ஆறுகிறது.

வண்டூரிலிருந்து ஜாலி பாய்க்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகுப் பிரயாணம். இருபுறமும் அலையாத்திக் காடுகள் நீருக்குள் வேரை ஊன்றி நிற்கும் குறுகிய வழிகளில் படகு புகுந்து புகுந்து செல்கிறது. தீவில் துறை கிடையாது. அடியில் கண்ணாடி பதித்த சிறு படகு வந்து நம்மை மாற்றி ஏற்றிக்கொள்கிறது. நீரில் இறங்க முடியாத வயோதிகர்களும் கைக்குழந்தைக்காரர்களும் அந்தக் கண்ணாடி வழியாகவே பாதி வைபவத்தைப் பார்த்துவிடலாம். தீவில் வீடு இல்லை, கடை இல்லை, காப்பி இல்லை. கட்டுச்சாதத்தைத் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுபோவது உத்தமம்.

இனி, நீருக்குள் பார்க்கும் வித்தை. இதற்கு ஸ்நார்க்கலிங் என்று பெயர். மூக்கையும் கண்ணையும் சேர்த்து மூடும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வளைந்த குழாயின் ஒரு முனையை வாயில் கவ்வி, குப்புற மிதக்க வேண்டும். மற்றொரு முனை நீருக்கு மேலே இருக்கும். மூச்சு வாயால்தான். ஆரம்பத்தில் எல்லாரும் பதறுவார்கள். ஐந்து நிமிஷம் கழித்து யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க உள்பக்கம் கொஞ்சம் எச்சில் தடவிக் கழுவிவிட வேண்டும். ஆசாரசீலர்கள் மன்னிக்க வேண்டும். இதுவே சுலபமான மருந்து. அடர்ந்த மீசை வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு: மீசைக்கும் கண்ணாடி விளிம்புக்கும் நடுவே நீர் கசியும். மீசையா மீனா என்று அவர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும். நீருக்குள் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு தூரம் அருகாகவும் தோன்றும். ஆகையால் கரைக்கு வந்ததும் “இவ்வளவு பெரிய மீன்!” என்று கையை விரிப்பவர் வேண்டுமென்றே பொய் சொல்வதாக நினைக்கக் கூடாது.

பவழம் என்றதும் நம் வீட்டுப் பெண்மணிகளின் கழுத்து மாலை ஞாபகம் வரும். அந்தச் சிவப்புப் பவழம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலில் ஆழத்தில் விளைவது. இங்கே மாலை கோக்கும் பவழம் கிடையாது. இங்கே உள்ளவை பாறை கட்டும் பவழங்கள். கடுகளவும் மிளகளவுமான பூச்சிகள் லட்சக்கணக்கில் சேர்ந்து, சுண்ணாம்பைச் சுரந்து, தலைமுறை தலைமுறையாக வீடு கட்டுகின்றன. மான் கொம்பைப் போல் கிளைத்தவை, மூளையைப் போல் மடிப்பு மடிப்பானவை, மேஜை போல் விரிந்தவை என்று அவற்றில் ஜாதிகள் பல. கிளைத்து வளரும் ஜாதி சுறுசுறுப்பானது. உருண்டையாக வளரும் ஜாதியோ வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். மூன்றடி உயரமுள்ள ஒன்றைப் பார்த்தால் அதற்கு வயது தொண்ணூறு இருக்கலாம் என்று அறியலாம். அதாவது, செல்லுலார் சிறையில் தேசபக்தர்கள் உண்ணாவிரதம் இருந்த 1930களில், அது ஓர் எள்ளளவாக அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்.

கிளிமீன் என்று ஒரு மீன். பச்சையும் நீலமும் ரோஜா நிறமுமாக, கிளிமூக்குப் போன்ற அலகோடு பாறையை நறுக்கு நறுக்கென்று கடிக்கும். நிசப்தமாக மிதந்தால் அந்தச் சத்தம் காதில் விழும். பாசியைத் தின்பதற்காகச் சுண்ணாம்பையும் சேர்த்து விழுங்கி, அரைத்து, வெண்மணலாக வெளியே தள்ளிவிடுகிறது. கரையிலே நாம் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு “ஆகா, என்ன வெண்மணல்!” என்று வியக்கிறோமே, அதில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்பதை இதற்கு மேல் விவரிக்கத் தேவையில்லை.

ஜாலி பாய் கிடைக்காதவர்கள் வேறு இடங்களுக்குப் போகிறார்கள். இவை இந்தப் பூங்காவைச் சேர்ந்தவை அல்ல. போர்ட் பிளேயருக்கு எதிர்க்கரையில் நார்த் பே இருக்கிறது. பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் தென்னை மரங்களுக்கு நடுவே தெரியும் கடற்காட்சி அந்த இடத்தினுடையதுதான். 2018ஆம் ஆண்டில் ஸ்வராஜ் தீவு என்று பெயர் பெற்ற ஹாவ்லக்கில் எலிஃபன்ட் பீச் இருக்கிறது. இரண்டிலும் வசதி அதிகம், கூட்டமும் அதிகம். சுங்குடிப் புடவைக் கடையில் தீபாவளிக்கு முந்தின நாள் நிற்பது போன்ற அநுபவம் வேண்டுவோர் தாராளமாகப் போகலாம். என் அபிப்பிராயத்தில், வரம்பு வைத்த இடமே மேல்.

கூட்டத்தைக் குறை சொல்வதற்குக் காரணம் என் சௌகரியம் மட்டும் அல்ல. நீந்தத் தெரியாதவர் பயந்தால் என்ன செய்வார்? காலை ஊன்றுவார். எங்கே ஊன்றுவார்? பவழத்தின் மேல். ஐம்பது வருஷம் வளர்ந்தது ஐந்து விநாடியில் முறிகிறது. மிதவைச் சட்டையைக் கட்டிக்கொண்டு, ஊர்க் கிணற்றிலோ குளத்திலோ முன்பே மிதந்து பழகிக்கொண்டு போவது நல்லது. வெயிலுக்காகப் பூசிக்கொள்ளும் களிம்புகள் சிலவும் பவழத்துக்கு விஷம். பலாவு என்னும் தீவு நாட்டில் 2020 முதல் அத்தகைய களிம்புகளைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் களிம்பே வேண்டாம். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த பவழத்துண்டைக்கூடக் குழந்தைக்கு விளையாட என்று எடுத்து வரக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவழம் புலியோடு ஒரே அட்டவணையில் இருக்கிறது.

காலையும் கையையும் நாம் அடக்கிக்கொள்ளலாம். அடக்க முடியாத ஒன்று உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி பூகம்பத்தில் அந்தமானின் வடக்கிலும் மேற்கிலும் சில இடங்களில் கடல் தரை உயர்ந்து, பவழப் பாறைகள் நீருக்கு மேலே வந்து வெயிலில் காய்ந்து செத்தன. தெற்கே நிலம் தாழ்ந்து வயல்களில் கடல் புகுந்தது. அதுவாவது ஒரு நாள் விபத்து. வெப்பம் அப்படியல்ல. பவழப் பூச்சியின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலைக் கொண்டு உணவு சமைத்து, வீட்டுக்காரனுக்கும் பெரும்பங்கு கொடுப்பது அதுதான். நிறம் தருவதும் அதுதான். கோடையின் வழக்கமான உச்சத்துக்கு மேல் ஒரு டிகிரி உஷ்ணம் சில வாரம் நீடித்தால், பவழம் இந்தக் குடித்தனக்காரனை வெளியே தள்ளிவிடுகிறது. பிறகு வெளுத்துப்போய்ப் பட்டினி கிடக்கிறது. சீக்கிரம் கடல் குளிர்ந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும். அந்தமானில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இப்படி வெளுத்தது. 2010ஆம் ஆண்டின் சேதம் கடுமையானது. உலகம் முழுவதும் கடல் சூடேறுவதால் வரும் இந்த நோய்க்கு வண்டூர்ச் சோதனைச் சாவடியில் மருந்து இல்லை. ஆனால் காலும் நங்கூரமும் படாமல் ஆறியிருக்கும் பாறை, சூட்டிலிருந்து தேறி எழுவதற்குக் கொஞ்சம் அதிகத் தெம்போடு இருக்கிறது. மூடிய தீவின் பயன் அவ்வளவுதான். அவ்வளவாவது இருக்கிறதே!

ஆகவே, போக நினைக்கும் குடும்பங்கள் கப்பலுக்கோ விமானத்துக்கோ சீட்டு வாங்குமுன் எந்தத் தீவு திறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். கடல் தெளிவாயிருப்பது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரையில். காலை முதல் படகில் போவது நல்லது; நடுப்பகலில் காற்று எழும்பினால் நீர் கலங்கிவிடும். கிட்டப்பார்வைக்காரர்கள் மூக்குக் கண்ணாடியின் மேல் முகக் கண்ணாடியைப் போட முயல வேண்டாம். பவர் கண்ணாடி பொருத்திய முகக் கண்ணாடிகள் விலைக்குக் கிடைக்கின்றன. பட்டணத்திலேயே வாங்கிக்கொண்டு போக வேண்டும்.