பரண் மேல் இருக்கும் பெட்டி

காந்தலில் ஒரு வீடு விலைக்கு வருகிறதென்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். பிள்ளைகள் கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ உத்தியோகத்தில் அமர்ந்துவிட்டார்கள். சந்தின் மேடேறி வீடு சேர்வதற்குப் பெற்றோரின் முழங்கால் இடங்கொடுக்கவில்லை. தரகர் வந்து சுற்றிப் பார்க்கிறார். "வீடு நல்ல வீடுதான், முதலில் சாமான்களைக் காலி செய்யுங்கள்" என்கிறார்.

தரகர் சொல்வது நியாயமே. வாங்க வருகிறவர் சுவரையும் தரையையும் பார்க்க விரும்புவாரேயன்றி நம் கிழிந்த கம்பளிகளை அல்ல. மலைவாசிகளோ எதையும் இலேசில் எறிவதில்லை. பனிக்காலத்துக்கு உதவுமென்று பழைய ரஜாய், மழைக்காலத்துக்கு உதவுமென்று விறகு, எதற்கும் உதவாதென்று தெரிந்தே ஒரு மூன்று கால் நாற்காலி! காயலான் கடைக்காரருக்குச் சொல்லியனுப்பினால் பாதி வீடு ஒரே பகலில் காலியாகிவிடும். சுவரோடு ஒட்டிய அலமாரியை மாத்திரம் சிலர் நகர்த்த மறுக்கிறார்கள். நகர்த்தினால் பின்னாலுள்ள ஓதம் தெரிந்துவிடுமாம். நகர்த்தி, ஜன்னலைத் திறந்து காற்றாட விட்டால் ஓதமும் குறையும். வாங்குகிறவரை ஏமாற்றினோம் என்ற உறுத்தலும் இராது.

நம் கவலை இவற்றைப் பற்றியதன்று. பரண் மேல் ஒரு தகரப் பெட்டி இருக்கிறதே, அதைப் பற்றியது. தரகர் அவசரப்படுத்தும் கடைசி நாளில், திறந்துகூடப் பாராமல் பழைய காகிதக்காரரின் தராசில் ஏறுவது அதுதான்.

வீட்டின் மூலப்பத்திரத்தையாவது எல்லோரும் தேடுவார்கள். அது தொலைந்தால் போலீஸில் புகார் எழுதி, பத்திரிகையில் விளம்பரம் செய்து அலைய வேண்டுமென்பது தெரிந்த விஷயம். மற்றக் காகிதங்களைத் தேடுவார் இல்லை. உதகையில் 1960-இல் ஸ்தாபிதமாகி 1967-இல் உற்பத்தி துவக்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இன்று மூடிக் கிடக்கிறது. அங்கே உழைத்தவரின் சம்பளச் சீட்டும் சேமநிதிக் கணக்கு எண்ணும் யாரிடம் இருக்கும்? 1995-ஆம் வருஷத்து ஓய்வூதியத் திட்டத்தின்படி பத்து வருஷ ஊழியத்துக்கு ருசு வேண்டும். விதவையான தாயார் அந்த ருசுவைத் தேடும்போது, அது எடைக்குப் போய் எத்தனை மாதம் ஆகியிருக்குமோ!

இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பமாயின் விஷயம் இன்னும் பெரிது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சாஸ்திரியாரும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் செய்துகொண்ட உடன்படிக்கையில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினவர்களில் பலர் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-இல் அரசாங்கம் தேயிலைத் தோட்டம் துவக்கிற்று. அவர்கள் கையோடு கொண்டுவந்த குடும்ப அட்டை, பார்வைக்கு அழுக்குக் காகிதம். பேரன் எந்த நாட்டவன் என்று கேள்வி எழும்போது பதில் சொல்வது அந்தக் காகிதந்தான்.

சுத்தம் செய்கிற உற்சாகம் பொல்லாதது. ஏட்டுச்சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்ற சாமிநாதையருக்கு என்ன கிடைத்ததென்பதை அவரே தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். பாண்டிய மன்னர் ஒருவர் சேர்த்து வைத்திருந்த ஏடுகள், குப்பையாய்க் கிடந்தனவென்று, ஆகம விதியைக் காட்டி நெய்யில் தோய்த்து ஹோமம் செய்யப்பட்டுவிட்டன! செய்தவர்கள் துஷ்டர்கள் அல்லர். இடத்தைத் துப்புரவாக்குவதாகவே நினைத்தார்கள். நம் வீடுகளில் ஹோமம் கிடையாது, தராசு இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவே.

ஆகவே, நாற்காலியும் விறகும் போகிற முதல் நாளிலேயே பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, உறவினர் வீடொன்றில் சேர்த்துவிடுங்கள். தரகரின் கண்ணுக்கு அது தெரிய வேண்டியதில்லை. பிறகு மழையில்லாத ஒரு நாளாகப் பார்த்துத் திறக்கலாம். பல வருஷ ஈரத்தில் காகிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், இழுத்தால் கிழியும். நிழலில் பரப்பி உலர்த்திய பின் மெல்லப் பிரிக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த போட்டோக்களைத் துணியால் தேய்க்க வேண்டாம், முகமே போய்விடும். படத்தில் இருப்பவர்களின் பெயரைச் சொல்லக்கூடிய பாட்டியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். பின்புறத்தில் பென்ஸிலால் மெதுவாக எழுதிக்கொண்டே வரலாம்.