ஓர் எண், மூன்று கோப்புகள்

“ஏனுங்க, நீங்க போட்ட புத்தகத்துல 19.5னு தானுங்க இருக்குது” என்று பல்லடம் பக்கத்து விவசாயி ஒருவர் போனில் சொன்னபோது எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. கோவையில் பம்புசெட் கையேடுகளை எழுதிப் பக்கம் அமைப்பதுதான் 26 வருடமாக என் தொழில். அந்த மோட்டாருக்கு ஓவர்லோடு ரிலேயை 9.5 ஆம்பியரில் வைக்க வேண்டும். முன்னால் ஒரு ‘1’ கூடுதலாக விழுந்திருந்ததை அவர் கூப்பிடும் முன்பே பார்த்து, அச்சுக்குப் போகும் கோப்பில் உடனே திருத்தியிருந்தேன். இணையதளத்துப் பிடிஎஃபையும், டீலர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் சின்னக் கோப்பையும் மறந்துவிட்டேன். அவர் கையில் இருந்தது அந்தச் சின்னக் கோப்பு. ரிலே ட்ரிப் ஆகவில்லை, காயில் கருகிவிட்டது. காயில் கட்டிய செலவைவிட, சித்திரை வெயிலில் தென்னைக்கு நாலு நாள் தண்ணீர் போகாததுதான் அவருக்குப் பெரிய அடி.

ஒரே விஷயத்தை மூன்று கோப்பாக வைத்துப் பிழைத்தால் இது நடக்கத்தான் செய்யும். எழுதியதை ஒரே இடத்தில் வைத்து, அச்சுப் பிரதி, வலைப்பக்கம், மின்நூல் மூன்றையும் அதிலிருந்தே மென்பொருளால் எடுப்பது புது வித்தையும் அல்ல. குனு திட்டத்தின் டெக்ஸ்இன்ஃபோ 1986 முதலே ஒரே மூலத்திலிருந்து அச்சுப் பிரதியையும் திரையில் படிக்கும் கோப்பையும் எடுத்துத் தருகிறது. நான் பிடித்துக்கொண்டது பான்டாக். பெர்க்லியில் தத்துவப் பேராசிரியராக இருக்கும் ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்டது, காசில்லாமல் கிடைக்கிறது. நோட்பேடில் எழுதினால் போதும். தலைப்புக்கு முன்னால் ஒரு ஹாஷ் குறி, பத்திக்குப் பத்தி ஒரு காலி வரி.

தமிழுக்கு மட்டும் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. முதலில் வந்த பிடிஎஃபில் எண்கள் இருந்தன, தமிழ் இருந்த இடமெல்லாம் வெள்ளை. பிடிஎஃப் எடுக்க ஸீடெக் என்ற மென்பொருளைப் பயன்படுத்தச் சொல்லியிருந்தேன், தமிழ் எழுத்துருவின் பெயரைச் சொல்லவில்லை. அந்த ஒரு வரி தெரிவதற்குள் இரண்டு நாள் போய்விட்டது.

என் பழைய கையேடுகள் எல்லாம் பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அதில் ஒன்றைத் திரைவாசிப்பானில் ஓடவிட்டுக் காட்டினார். ‘தமிழ்’ என்ற சொல்லை அது ‘ஜே, கே, பி, ஓ’ என்று படித்தது. கண்ணுக்குத்தான் தமிழ், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனிலேயே அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் பல வருடம் நான் பாமினியில்தான் அடித்தேன். அது தவறு.

புத்தகம் செய்யக் கொடுக்கும் துறைகளும் பதிப்பகங்களும் பிடிஎஃபை வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துவிடுகின்றன. யூனிகோடில் உள்ள மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள், பணி ஆணையிலேயே அதை எழுதிவிடுங்கள். பக்கத்துக்குப் பக்கம் படம் வரைந்த குழந்தைகள் புத்தகத்துக்கு இந்த முறை ஒத்துவராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உரமிடும் அளவு, மருந்துக் குறிப்பு, மின் இணைப்பு போன்றவை நாலு இடத்தில் நாலு விதமாக இருக்கவே கூடாது.

இப்போது 9.5 ஒரே இடத்தில்தான் இருக்கிறது. மாற்றினால் ஒரு நிமிடத்துக்குள் மூன்றும் புதிதாக வந்துவிடும், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தேதியோடு. பழைய கோப்பு இன்னும் எத்தனை போன்களில் சுற்றுகிறதோ, அதை என்னால் திரும்பப் பிடிக்க முடியாது. போன மாதம் பல்லடத்துக்காரர் இரண்டாவது மோட்டார் இறக்கும் முன் கூப்பிட்டார். “அடியில எந்தத் தேதி போட்டிருந்தாச் சரிங்க?”