சூதாட்டத்தில் சிக்கிய சித்திரப் படங்கள்

பஞ்சு விலையில் யூக வியாபாரிகள் விளையாடினால் திண்டுக்கல்லில் கதிர் ஓட்டம் நிற்கும். இது நம் நூற்பாலைத் தோழர்கள் அறிந்ததே. சென்னையில் கம்ப்யூட்டரில் சித்திரப் படம் எடுத்த பென்டாமீடியா கிராபிக்ஸ் கம்பெனியின் கதையும் அதுதான்.

வேலை லேசானதல்ல. சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள். நடிகரின் உடம்பில் கருவிகளை மாட்டி, அவர் கை கால் அசைவதைக் கம்ப்யூட்டரில் பதிந்து, அந்த அசைவைப் பொம்மைக்கு ஏற்றி, ஒவ்வொரு படமாகத் திருத்த வேண்டும். கண் பூத்துப்போகும்! 2000-ல் வந்த ‘சிந்துபாத்’ அப்படி எடுத்ததுதான். முழுநீளப் படத்தை முழுக்க இம்முறையில் எடுத்ததில் உலகிலேயே அதுதான் முதல் என்கிறார்கள். அதே ஆண்டில் ‘பாண்டவர்க’ளும் வந்தது.

பங்குச் சந்தைக்குப் படமா முக்கியம்? மும்பைத் தரகர் கேதன் பரேக் தூக்கிப்பிடித்த பங்குகளில் இதுவும் ஒன்று. விலை கிடுகிடுவென்று ஏறியது. 2001 மார்ச்சில் சந்தை கவிழ்ந்தது. 30-ம் தேதி பரேக் கைதானார். புத்தர் கதை வரையில் படமெடுத்துப் பார்த்தும் கம்பெனி பழையபடி தலைதூக்கவில்லை.

சித்திரம் தீட்டிய பிள்ளைகளின் கை அந்த மார்ச் மாதத்திலா திறமை இழந்தது? பங்கு ஏறிய வேகத்தில் அவர்கள் சம்பளம் ஏறியதா? நாம் கேட்கிறோம், பதில் சொல்ல எந்தப் பொருளாதார நிபுணரையும் காணோம்.