ஒரு பத்தி எழுதத் தெரிந்த பிள்ளை



நாம் பணியாற்றும் மக்தப் மதரஸாவில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஓதுகிறார்கள். சென்ற ரமளானுக்குச் சற்று முன்பு ஒருநாள், சபக் முடிந்தபின் ஆளுக்கொரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, பெற்றோரைப் பேணுதல் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதச் சொன்னோம். இருபத்து மூன்று பேர் எழுதினார்கள். ஏறத்தாழ எல்லாத் தாள்களிலும் ஒரே பத்திதான் இருந்தது. பெற்றோர் மிக முக்கியமானவர்கள். அவர்களை மதிக்க வேண்டும். தாயையும் சுவனத்தையும் இணைத்துச் சொல்லும் அந்த ஹதீஸ். ஆகவே நாம் அனைவரும் பெற்றோரை மதிப்போமாக. சிலர் அதற்கும் முன்னுரை, முடிவுரை என்று தலைப்பிட்டு, அளவுகோல் வைத்து அடிக்கோடு இட்டிருந்தார்கள்.

எழுத்துப்பிழைகள் நிறைய இருந்தன. அவை நம்மைக் கவலையில் ஆழ்த்தவில்லை. லகர ளகரத்தைப் பழக்கத்தால் திருத்திவிடலாம். எந்தத் தாளிலும் அதை எழுதிய பிள்ளையின் உம்மாவோ வாப்பாவோ இல்லை என்பதே நம்மை உறுத்தியது. பதினோரு ஆண்டுகளாக வளைகுடாவில் உழைக்கும் தகப்பனின் மகனும், இரவு முழுவதும் தையல் இயந்திரத்தை மிதிக்கும் தாயின் மகளும் ஒரே நான்கு வாக்கியங்களை எழுதியிருந்தார்கள். அவ்விருவரும் வீட்டைப் பற்றி வாயால் பேசும்போது கேட்டிருக்கிறோம். ஒரு சொல்கூடக் கடன் வாங்காமல் பேசுவார்கள். தாளைக் கண்டதும் அந்தப் பிள்ளை காணாமல் போய்விடுகிறது.

பள்ளிக்கூடங்களில் கட்டுரை கற்பிக்கப்படும் முறை இதற்கு ஒரு காரணம். குறிப்புச் சட்டகம் தரப்படுகிறது. முன்னுரையில் தொடங்கி முடிவுரை வரை உட்தலைப்புகள் தரப்படுகின்றன. கைடிலிருந்து வாக்கியங்கள் மனனம் செய்யப்படுகின்றன. சட்டகம் தீங்கன்று. ஆனால் உட்தலைப்பைப் போட்டுவிட்டாலே அதன் கீழே ஒரு கருத்து இருப்பதுபோன்ற தோற்றம் வந்துவிடுகிறது. 'மரங்களின் பயன்கள்' என்று தலைப்பிட்ட பிள்ளை, எந்த மரம், யாருக்கு, என்ன பயன் என்று யோசிக்காமலேயே மதிப்பெண் பெற்றுவிடுகிறது.

பள்ளிக்கூடத்தை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்க இயலாது. இருபது ஆண்டுகளாக நாமும் அப்படித்தான் கற்பித்தோம். மீலாது விழாவுக்கும் மதரஸா ஆண்டு விழாவுக்கும் பேச்சுகளை நாமே எழுதிக் கொடுத்தோம், பிள்ளைகள் ஒப்பித்தார்கள், மாஷா அல்லாஹ் என்று சபை நெகிழ்ந்தது. மனனம் நமது பெருஞ்செல்வம். அதில் ஐயமே இல்லை. அல்லாஹ்வின் கலாமை உள்ளத்தில் ஏந்த அதுவே வழி. ஆனால் குர்ஆனை ஒரெழுத்தும் மாறாமல் ஓதவேண்டிய அதே முறையை, பிள்ளை தன் கருத்தைச் சொல்லவேண்டிய இடத்திலும் நாம் புகுத்திவிட்டோம். தன்னுடையதாக இருக்கவேண்டிய எழுத்தில் மாற்றாமல் ஒப்பிப்பது எப்படிச் சிறப்பாகும்?

எழுத்து நம் மார்க்கத்திற்கு ஒருபோதும் அயலானதாக இருந்ததில்லை. முதல் வஹீயே வாசிப்பையும் எழுதுகோலையும் சேர்த்துப் பேசியது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகராவின் 282ஆவது வசனம். அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோர்வடையாதீர்கள் என்ற கருத்து அதனுள் இருக்கிறது. ஹிஜ்ரி 2இல் பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் மீட்புத் தொகை கொடுக்க இயலாதோரை, அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கச் செய்து, அதையே மீட்பாக நபி (ஸல்) அவர்கள் ஏற்றார்கள் என்ற செய்தி முஸ்னத் அஹ்மதில் உள்ளது. போர்க்களத்தில் எதிர்த்து நின்றவனிடமிருந்தும் பிள்ளைகளுக்கு எழுத்தைப் பெற்றுக்கொடுத்த உம்மத் இது.

ஆகவே இவ்வாண்டு வாரத்தில் ஒருநாளை, திங்கள் இரவை, எழுத்துக்கென ஒதுக்கினோம். பத்தி என்றால் என்ன என்று விளக்க நமக்குப் புதிய சொல் எதுவும் தேவைப்படவில்லை. ஃபிக்ஹுப் பாடத்தில் ஒரு மஸ்அலாவைச் சொன்னவுடன் அடுத்த கேள்வி தலீல் என்ன என்பதுதான். தலீலைச் சொன்னபின், அது இந்த மஸ்அலாவுக்கு எவ்வாறு பொருந்துகிறது என்று விளக்க வேண்டும். நல்ல பத்தியும் இதுவேதான். முதலில் ஒரு கருத்து, அதற்கு ஆதாரம், அந்த ஆதாரம் கருத்தை எவ்வாறு தாங்குகிறது என்ற விளக்கம். அவ்வளவே. ஆதாரம் கேட்க நம் பிள்ளைகளுக்குத் தனியே கற்பிக்க வேண்டியதும் இல்லை. பெரியவர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவரையொருவர் தலீல் கேட்டுச் சண்டையிடுவதைப் பார்த்தே வளர்கிறார்கள். அதே கேள்வியைத் தன் வாக்கியத்தை நோக்கிக் கேட்கப் பழக்குவதுதான் கடினம்.

முதல் மாதம் எழுதவே விடவில்லை, பேசச் சொன்னோம். ஒருவர் ஒரு வாக்கியம் சொல்வார். மற்றவர்கள், எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய் என்று கேட்பார்கள். பதில் கிடைக்கும்வரை தாள் கிடையாது. ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவர், பள்ளிவாசலைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும் என்றார். எதைப் பார்த்து? யோசித்தார். மூன்று வாரங்களுக்குப் பின் அவர் எழுதிய பத்தியை, எழுத்துப்பிழைகளை மட்டும் நீக்கி, அவருடைய அனுமதியுடன் தருகிறோம்:

"நம் பள்ளிவாசலில் ஒளுச் செய்யும் இடத்தில் தண்ணீர் வீணாகிறது. ஒன்பது குழாய்களில் மூன்று சரியாக மூடுவதில்லை. நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு குழாயின் கீழே வாளியை வைத்தேன். இஷாவுக்கு வந்தபோது வாளி நிரம்பி வழிந்தது. ஒளுவில்கூடத் தண்ணீரை விரயம் செய்யக் கூடாது என்று ஹஜ்ரத் சொல்லித் தந்தார்கள். நாம் ஒளுச் செய்யாத நேரத்திலும் தண்ணீர் போகிறது என்றால் அது அதைவிடப் பெரிய விரயம். வாஷர் மாற்றினால் போதும் என்று என் மாமா சொன்னார்."

இதில் அலங்காரச் சொல் ஒன்றுமில்லை. ஆனால் முதல் வாக்கியம் எதைச் சொன்னதோ, அதைவிட்டு எந்த வாக்கியமும் விலகவில்லை. வாளியை வைத்துப் பார்த்தது அவருடைய சொந்த யோசனை. "அதைவிடப் பெரிய விரயம்" என்ற வாக்கியத்தை எழுத அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஆதாரத்தைக் கருத்தோடு முடிச்சுப் போடுவது இவ்வயதினருக்கு அவ்வளவு கடினம். பெரும்பாலோர் ஆதாரத்தைச் சொல்லிவிட்டு, புரிந்திருக்கும் என்று நிறுத்திவிடுவார்கள். அந்த இடத்தில் 'அப்படியென்றால்?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பத்தியை ஜமாஅத் பொருளாளரிடம் கொடுத்தோம். இரண்டு குழாய்கள் சரிசெய்யப்பட்டன. மூன்றாவது இன்றும் சொட்டிக்கொண்டிருக்கிறது.

முன்மாதிரியாக நாம் எடுத்துக்கொண்டது, ரோமப் பேரரசர் ஹெராக்ளியஸுக்கு நபி (ஸல்) அவர்கள் அனுப்பிய கடிதம். புகாரியில் பதிவாகியுள்ள அது சில வரிகளே. அல்லாஹ்வின் பெயரால் தொடங்குகிறது; யாரிடமிருந்து யாருக்கு என்று, பெறுபவரின் நிலைக்குரிய மரியாதையுடன் சொல்கிறது; அழைப்பைச் சுருக்கமாக வைக்கிறது; ஏற்றால் என்ன, மறுத்தால் என்ன பொறுப்பு என்று கூறுகிறது; ஓர் இறைவசனத்தை முன்வைத்து நிற்கிறது. ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித் தாளில் எழுதிக் கலைத்துப் போட்டு, வரிசைப்படுத்தச் சொன்னோம். எதை நீக்கலாம் என்றும் கேட்டோம். நீக்க எதுவும் அகப்படவில்லை. பிறகு நாமே எழுதிய ஒரு பத்தியைக் கொடுத்து அதையே கேட்டபோது, மூன்று வாக்கியங்களைக் கூசாமல் அடித்துவிட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான். நம் பயான்களையும் இப்படி ஒருநாள் அவர்களிடம் கொடுத்தால் எவ்வளவு மிஞ்சும் என்ற அச்சம் அன்று தோன்றியது.

சிவப்பு மையைக் குறைத்துக்கொண்டோம். தாள் முழுவதும் சிவந்து திரும்பினால், அடுத்த முறை பிள்ளை தனக்குப் பிழையின்றி எழுதத் தெரிந்த சொற்களை மட்டும் எழுதும். அதாவது மனனம் செய்ததை எழுதும். முதலில் கருத்தையும் ஆதாரத்தையும் மட்டும் பார்க்கிறோம். இரண்டாம் முறை எழுதும்போது ஒற்றுப்பிழையைப் பார்க்கிறோம். பத்துக் கட்டுரைகளை ஒருமுறை எழுதுவதைவிட ஒரு பத்தியை மூன்று முறை எழுதுவது மேல் என்பது நமது உறுதியான கருத்து. இதை ஏற்காத ஆசிரிய நண்பர்கள் உண்டு. அதிகம் எழுதினால் கை தானே பழகும் என்கிறார்கள். கை பழகும்தான்.

கைப்பேசியிலிருந்து பார்த்து எழுதிக் கொண்டுவந்த பிள்ளைகளும் இருந்தனர். அவர்களை அடிக்கவில்லை, திட்டவில்லை. யாரிடமிருந்து கேட்டார் என்று அறிவிப்பாளரைப் பெயர் சொல்லிச் சுட்டுவதே ஹதீஸ் கலையின் உயிர் என்று விளக்கி, பிறருடைய சொல்லை எடுத்தால் அவருடைய பெயரையும் எழுதச் சொன்னோம். பெயர் எழுதவேண்டிய கட்டாயம் வந்ததும் பார்த்து எழுதுவது பெரிதும் குறைந்துவிட்டது.

வீடுகளில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஜும்ஆவிலிருந்து திரும்பியதும், இன்று இமாம் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, அது நம் வீட்டில் எங்கே பொருந்துகிறது என்று ஆறேழு வரிகள் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். இடையில் திருத்தாதீர்கள். பிள்ளை உங்களைப் பற்றியே ஏதேனும் எழுதியிருந்தால், அப்போதும் திருத்தாதீர்கள்.

குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் தாளை வாங்கிப் படியுங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிப்படிப்பு நின்றுபோன நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் 'காதலா? கடமையா?' என்ற நாவலை வெளியிட்டார். அத்தகைய பெண்கள் நம் தெருக்களில் எத்தனை பேர் எழுதாமலேயே போனார்கள் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

நம்மிடம் ஓதும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர், விரும்பிய பொருளில் எழுதலாம் என்றபோது, பெண்கல்வி என்று எழுதினார். முதல் தாள் முழக்கங்களால் நிரம்பியிருந்தது. எதைப் பார்த்துச் சொல்கிறாய், உன் பத்தியை யார் படிக்க வேண்டும் என்று கேட்டோம். சற்று நேரம் பேசாமலிருந்து, "வாப்பா" என்றார். எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளி எட்டாம் வகுப்புடன் முடிந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்குச் செல்ல வேண்டும். அவருடைய தகப்பனார் அதற்கு உடன்படவில்லை.

நான்காவது தாளில் முழக்கம் ஒன்றும் இல்லை. காலை 7.40 பேருந்தில் ஒரே தெருவிலிருந்து இரண்டு அக்காமார் போகிறார்கள். அவர்களுடைய பெயர்கள் இருந்தன. மாலையில் அஸருக்கு முன் வீடு திரும்பிவிடலாம், மதரஸாவுக்கும் தாமதமாகாது. பேருந்துச் செலவு இல்லை; பள்ளி மாணவியருக்கு இலவசப் பயண அட்டை உண்டு. உம்மாவின் மருந்துச் சீட்டைத் தானே படித்துச் சொல்வதையும், இன்னும் நன்றாகப் படிக்க விரும்புவதையும் எழுதியிருந்தார். வாப்பா அஞ்சுவது நியாயம்தான் என்றும் ஒரு வாக்கியம் இருந்தது. அதை எழுதும்படி நாம் சொல்லவில்லை.

அதை அவரே தகப்பனாரிடம் கொடுத்தார். மறுநாள் அந்தச் சகோதரர் மதரஸாவுக்கு வந்தார். இதை நீங்கள் எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றோம், அடித்தல் திருத்தலுடன் இருந்த முந்தைய மூன்று தாள்களையும் காட்டினோம். நின்றபடியே நான்கையும் வரிசையாகப் படித்தார். கடைசித் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அந்த 7.40 பேருந்தில் கூட்டம் எப்படி இருக்கும் என்று கேட்டார். நமக்குத் தெரியாது என்றோம்.

இன்னும் அவர் முடிவு சொல்லவில்லை. சேர்க்கை முடிய மூன்று வாரங்கள் இருக்கின்றன. சென்ற திங்களன்று காலை அவர் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்ததாக, அந்த இரண்டு மாணவியருள் ஒருவர் வந்து சொன்னார்.