தேநீர் மேசையில் கேட்டது யாருடையது?

சென்ற மாதம் பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் ஆய்வு நெறிமுறை குறித்து ஒரு நாள் பயிலரங்கு நடந்தது. பேச வந்தவர் மூன்று மணி நேரமும் விழுக்காடுகளைப் பற்றியே பேசினார். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி, ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை போனால் திருத்தி எழுத வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். எந்தெந்தப் பகுதிகளை மென்பொருள் கணக்கில் எடுக்காது, வாக்கியத்தை எப்படி மாற்றினால் எண் குறையும் என்றெல்லாம் விளக்கினார். நாங்கள் குறிப்பெடுத்துக்கொண்டோம்.

கேள்வி நேரத்தில் இளம் ஆய்வாளர் ஒருவர் எழுந்தார். "ஐயா, நண்பர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்ன கருத்தை நான் என் கட்டுரையில் எழுதினால் அது திருட்டாகுமா?" அரங்கம் சிரித்தது. பேச்சாளரும் சிரித்தார். "டீக்கடையில் கேட்டதற்கெல்லாம் அடிக்குறிப்பு போட முடியுமா அம்மா? மென்பொருள் அதைக் காட்டாது, கவலைப்படாதீர்கள்" என்றார். அந்தப் பெண் முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சிரிப்பை மறுத்துத்தான் இதை எழுதுகிறேன். அன்று நானும் சிரித்தேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

*

கணிதம் என்னிடமிருந்து பள்ளியோடு விடைபெற்றுக்கொண்ட பாடம். எங்கள் கல்லூரிக் கணிதத் துறை நண்பர் ஒருவர் அவ்வப்போது தரும் நூல்களின் வழியே, கணிதர்களின் சூத்திரங்களைத் தாண்டிக் குதித்து அவர்களின் வாழ்க்கையை மட்டும் வாசிப்பவன் நான். ஆனால் இந்தக் கேள்விக்கு மிகக் கடுமையான சோதனைக்களம் கணிதம்தான் என்று தோன்றுகிறது. கணிதத்தில் ஒருவருடைய நடையைத் திருடிப் பயனில்லை. நிரூபணத்தின் திறவுகோலான ஒரே ஒரு யோசனையை எடுத்துக்கொண்டால் போதும், முழுவதையும் எடுத்தாயிற்று. ஒரு சொல்கூட ஒத்துப்போகாது. மென்பொருள் சுழியம் காட்டும். அப்படிப்பட்ட துறையில் மனிதர்கள் வாய்விட்டுப் பேசிக்கொள்ள எப்படித் துணிகிறார்கள்?

1930களில் லுவூவ் நகரம் போலந்தில் இருந்தது. இன்று அது உக்ரைனின் லிவிவ். அங்கே ஸ்காட்டிஷ் கஃபே என்றொரு காப்பிக் கடை. ஸ்டெஃபான் பனாக், மசூர், உலாம் முதலியோர் மணிக்கணக்கில் அங்கே அமர்ந்து, மேசையின் சலவைக்கல் பரப்பில் பென்சிலால் எழுதியபடியே பேசுவார்கள். 17 மணி நேரம் நீண்ட ஓர் அமர்வில் பிறந்த நிரூபணம், யாரும் எழுதி வைக்காததால் மேசை துடைக்கப்பட்டதோடு போயிற்று என்பார்கள். இந்த அழிவைக் காணப் பொறுக்காமல் பனாக்கின் மனைவி ஒரு தடித்த குறிப்பேட்டை வாங்கிக் கொடுத்தார். அது கடைப் பணியாளரிடம் இருக்கும்; கணிதர்கள் கேட்டால் எடுத்துத் தருவார். முதல் பதிவு 1935 ஜூலை 17 அன்று பனாக் எழுதியது. மொத்தம் 193 கணக்குகள் அதில் சேர்ந்தன.

அந்தக் குறிப்பேட்டில் என்னை ஈர்த்தது கணக்குகளை விட அவற்றின் தலைப்பில் இருந்த பெயர்கள். யார் கேட்டது என்று ஒவ்வொரு கேள்வியிலும் பெயர் இருக்கும். சேர்ந்து பேசும்போது எழுந்த கேள்வியென்றால் இரண்டு, மூன்று பெயர்கள் சேர்ந்தே இருக்கும். விடை கண்டவர் பெயர் அதன்கீழ் வரும். சில கேள்விகளுக்குப் பரிசும் உண்டு: பீர், ஒரு புட்டி ஒயின், இப்படி. 1936 நவம்பர் 6 அன்று மசூர் எழுதிய 153ஆம் கணக்குக்கு அறிவிக்கப்பட்ட பரிசு உயிருள்ள ஒரு வாத்து. 1941 மே மாத இறுதியில் ஸ்டைன்ஹாஸ் கடைசிப் பதிவை எழுதினார். சில வாரங்களில் ஜெர்மானியப் படை நகருக்குள் புகுந்தது. ஜூலையில் லுவூவ் பேராசிரியர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர், அவர்களில் கணிதர்களும் இருந்தனர். குறிப்பேடு தப்பியது. 1972இல் ஸ்வீடனைச் சேர்ந்த பெர் என்ஃப்லோ 153ஆம் கணக்கைத் தீர்த்தார். மசூர் அப்போதும் உயிரோடிருந்தார். வார்சாவில் தம் கையாலேயே வாத்தை அவரிடம் கொடுத்தார்.

நாடு கைமாறி, நகரத்தின் பெயர் மாறி, நண்பர்கள் கொல்லப்பட்டு 36 ஆண்டுகள் கழிந்த பிறகும், காப்பிக் கடையில் விளையாட்டாகச் சொன்ன ஒரு வாக்கு நின்றது. நம் பேச்சாளர் சிரித்தாரே, அந்த "டீக்கடைப் பேச்சு" இதுதான்.

அதே 1972இல் இன்னொரு தேநீர் மேசை. பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்துக்கு வந்திருந்த இளைஞர் ஹியூ மாண்ட்கோமெரியை, நம் நாட்டில் படித்து அங்கே சென்ற எஸ். சௌலா, இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசனிடம் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்துகிறார். மரியாதைக்கான இரண்டு நிமிடப் பேச்சு. ரீமான் சார்பின் சுழிகள் எப்படி இடைவெளி விட்டு அமைகின்றன என்று தாம் கண்ட ஒரு கோவையை மாண்ட்கோமெரி சொல்கிறார். கனமான அணுக்கருக்களின் ஆற்றல் நிலைகளை ஆராயப் பயன்படும் சமவாய்ப்பு அணிகளில் வருவதும் அதே கோவைதான் என்று டைசன் உடனே சொல்கிறார். பகா எண்களின் ஆராய்ச்சிக்கும் அணுக்கரு இயற்பியலுக்கும் இடையே யாரும் எதிர்பாராத பாதை ஒன்று திறந்தது. 1973இல் வெளியான கட்டுரையில், இதைத் தம் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் டைசன் என்று மாண்ட்கோமெரி எழுதியிருக்கிறார். எழுதாமல் விட்டிருந்தால் எந்த மென்பொருள் பிடித்திருக்கும்?

*

கணிதர்கள் எல்லோரும் புனிதர்கள் என்று சொல்ல வரவில்லை. முப்படிச் சமன்பாட்டின் தீர்வை டார்டாக்லியா 1539இல் கார்டானோவிடம், வெளியிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, ஒரு பாடலாகவே எழுதிக் கொடுத்தார். பின்னர், டார்டாக்லியாவுக்கும் முன்பே டெல் ஃபெரோ அதைக் கண்டிருந்தார் என்பது தெரிந்ததும், கார்டானோ 1545இல் தம் நூலில் வெளியிட்டுவிட்டார். இருவர் பெயரையும் சொல்லித்தான் வெளியிட்டார். இருந்தும் டார்டாக்லியா கொதித்தார். அவர் கொதித்தது சரியா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் பெயர் சொல்லியும் தீராத கடன் ஒன்று உண்டென்றால், பெயரே சொல்லாதவனின் கடனை எந்த விழுக்காட்டில் கணக்கிடுவது?

இங்கே சிலர் வேறொரு வழி சொல்வார்கள்: அப்படியானால் வாயைத் திறக்காதே, அச்சில் வரும்வரை யாரிடமும் சொல்லாதே. இதற்கு ஆண்ட்ரூ வைல்ஸை மேற்கோள் காட்டுவதும் உண்டு. ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்காக அவர் ஏழாண்டுகள் ஏறத்தாழத் தனிமையில் உழைத்தது உண்மை. ஆனால் 1993இல் அறிவித்த நிரூபணத்தில் ஓட்டை இருந்தது. அதைச் சரிபார்த்த நிக்கோலஸ் காட்ஸ் கேட்ட கேள்வியால்தான் அது வெளிப்பட்டது. ஓட்டை இருப்பதை வைல்ஸ் அந்த ஆண்டே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அடைத்தது 1994இல், ரிச்சர்ட் டெய்லருடன் சேர்ந்து உழைத்த காலத்தில். மௌனத்தின் மாவீரருக்கும் கடைசியில் பேச ஆள் வேண்டியிருந்தது.

நமக்கு இது அந்நியமான பாடமா? சூத்திரத்துக்குச் சூத்திரம் "என்மனார் புலவர்" என்று முன்னோரைச் சுட்டிய தொல்காப்பியரை நாள்தோறும் வகுப்பில் நடத்துகிறவர்கள் நாம். தாம் ஏற்காத கருத்தைக்கூட "என்பாரும் உளர்" என்று பதிந்து சென்ற உரையாசிரியர்கள் நம்முடையவர்கள். இறையனார் களவியல் உரை, தான் நக்கீரர் தொடங்கி முசிறி நீலகண்டனார் வரை வாய்மொழியாக யார் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பெயர்களை அடுக்கிச் சொல்கிறது. கேட்டதைக் கேட்டேன் என்று சொல்வது அவர்களுக்கு வெட்கமாக இல்லை.

*

இனி, நான் ஏன் சிரித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் சங்க அகப்பாடல்களில் வரும் கண்டோர் கூற்று பற்றிக் கட்டுரை வாசித்தேன். உடன்போக்கில் செல்லும் இருவரைப் பார்த்து வருந்துகிற அந்தக் கண்டோர் யார், உறவில்லாத ஒருவரின் துயரம் பாலைக்கு ஏன் தேவைப்பட்டது என்பதே கட்டுரையின் மையம். பலர் பாராட்டினார்கள். பின்னர் தொகுப்பு நூலிலும் வந்தது. ஒப்புமைச் சோதனையில் 4 விழுக்காடு.

அந்தக் கேள்வி என்னுடையதல்ல. முனைவர் பட்டத்துக்குப் பதிந்துவிட்டு, வீட்டுச் சூழலால் பாதியில் விட்டுப் பள்ளி ஆசிரியராகப் போன நண்பர் ஒருவர், பேருந்து நிலையத்து டீக்கடையில் என்னிடம் கேட்டது. மேற்கோள்களைத் தேடியதும் வாதத்தைக் கட்டியதும் நான்தான். எனவே எல்லாம் எனதே என்று என்னை நம்பவைத்துக்கொண்டேன். நூல் வந்ததும் அவருக்கு ஒரு படி கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து, "படிச்சேன் சார், நல்லா வந்திருக்கு" என்றார். அதுவரை என்னைப் பெயர் சொல்லித்தான் அழைப்பார். இன்றும் சந்திக்கிறோம், தேநீர் குடிக்கிறோம். சம்பளக்குழு பற்றிப் பேசுவார், பிள்ளைகளின் படிப்பு பற்றிப் பேசுவார். பாட்டைப் பற்றி மட்டும் அவர் பிறகு பேசவே இல்லை.

அந்த 4 விழுக்காட்டுக்கு நான் கொடுத்த விலை இது. அவர் கொடுத்தது இன்னும் அதிகம். பேச்சில் வந்த கருத்தைச் சொல்லாமல் எடுக்கிறவன், அடுத்த பத்துக் கருத்துகள் பிறந்திருக்கக்கூடிய மேசையையும் துடைத்துவிட்டுப் போகிறான். நம் துறைகளில் இன்று யாரும் யாரிடமும் ஆய்வைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று அலுத்துக்கொள்கிறோம். எத்தனை பேர் இப்படி வாயடைக்கப்பட்டார்கள் என்று யாராவது எண்ணியிருக்கிறோமா?

விதிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பக்கம் பக்கமாகப் பெயர்த்து எழுதுகிறவனைப் பிடிக்க அவை வேண்டும். ஆனால் விதி பிடிக்காததெல்லாம் நேர்மை என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நமக்கு உரிமையில்லை.

அன்று முகம் சிவந்து உட்கார்ந்த ஆய்வாளருக்கு அரங்கில் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன். ஆம் அம்மா, சொல்லாமல் விட்டால் அது திருட்டுத்தான். சொல்வதற்கு ஒரு வரி போதும்: "இக்கேள்வியை இன்னார் ஓர் உரையாடலில் எழுப்பினார்." என் கட்டுரை மறுபதிப்பு காணும்போது முதல் அடிக்குறிப்பு அதுவாக இருக்கும். அதற்கு முன் நண்பரை நேரில் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். அந்த டீக்கடை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.