தோத்தாலும் பரவாயில்லாத மெச்

2022இல் சுதந்திரக் கிண்ணத்துக்காக ஒன்பது மாகாண உதைபந்தாட்ட அணிகளும் மோதினபோது நாங்க முதல்ல தேடினது ஸ்கோரை இல்ல. கிழக்கு அணியில எங்கட பக்கத்து ஆக்கள் எத்தினை பேர் எண்டுதான். திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே அணி.

எங்கட காக்காவும் ஒருமுறை வீரர் தெரிவுக்குப் போனார். பதினைந்து நிமிடம் விட்டாங்களாம். காலுக்கு வந்தது ரெண்டு பந்து. இப்ப கடையில நிக்கிறார்.

அயர்லாந்தில் கேலிக் ஃபுட்போல் எண்டு ஒரு ஆட்டம், பக்கத்துக்கு 15 பேர், கையாலும் ஆடலாம். நம்மட மாவட்டம் மாதிரி அங்க கவுண்டி. அதுக்கு ஆடுறவங்களுக்குச் சம்பளம் இல்ல. லெய்ன்ஸ்டர் மாகாணக் கவுண்டிகள் சீசனுக்கு முதல், ஜனவரியில் ஓபேர்ன் கிண்ணத்துக்கு ஆடும். 1954இல் தொடங்கினது. பல்கலைக்கழக அணிகளும் அதில் ஆடியிருக்கு; ஒலுவிலில் படிக்கிற எனக்குப் பொறாமை! தோத்தாலும் பெரிய நட்டமில்ல, அதனால புதுப் பொடியன்களை நம்பி இறக்குவாங்க. 2025இல் இந்தப் போட்டிகளை நடத்தல்ல. ஆட்டம் கூடிப்போய் வீரர்கள் களைச்சிட்டாங்களாம்.

எங்களுக்கு அந்தக் களைப்பு வர இன்னும் காலமிருக்கு. மாகாண அணியைத் தெரிவுசெய்ய முதல் மூன்று மாவட்டமும் ஒன்றோடொன்று ஆடட்டும். மொத்தம் மூன்றே மெச். ஒன்றைச் சந்தாங்கேணி மைதானத்தில் வைங்க. கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை டவுன் பொடியன்கள் ஒரே பஸ்ஸில, ஒரே ஜேர்சியில வருவாங்க. காக்காவையும் கடையைப் பூட்டிட்டு வரச் சொல்றேன்.