கணினி அறைக்கு ஒரு கொப்பி

பாடசாலைக் கணினி அறைத் திறப்பு விழாவைச் செய்தியாக்குவது பத்திரிகையாளனுக்கு மிக இலகுவான வேலை. நாடா வெட்டியவர், மங்கல விளக்கேற்றியவர், நன்றியுரை சொன்னவர் என்று பெயர்களை அடுக்கினால் போதும். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த அறை எப்படியிருக்கிறது என்ற செய்தியை எவரும் அனுப்புவதில்லை. நாங்களும் கேட்பதில்லை. வன்னியைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

1990களில் பொருளாதாரத் தடையால் டோர்ச் லைற் பற்றரிக்கே தவமிருந்த மண் இது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது ஓடுள்ள பாடசாலைக் கட்டடத்தைக் காண்பதே அரிதாயிருந்தது. பின்னர் அரசும் தொண்டு நிறுவனங்களும் புலம்பெயர்ந்த பழைய மாணவர்களும் கணினிகளைத் தந்தனர். இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஆகவே ஆளில்லை, அறிவில்லை என்று சொல்வதற்கில்லை. பழுது பார்க்கும் பழக்கம்தான் பாடசாலை வாசலுக்கு வந்து சேரவில்லை.

பழுது என்பதும் பெரும்பாலும் அற்பமானது. இருபது கணினி, ஒரு சுவிட்ச், ஒரு ரவுட்டர், ஓர் அச்சுப்பொறி. சிறிய வலையமைப்பு என்பது இவ்வளவுதான். யாரோ ஒருவர் அன்பளிப்பாக இன்னொரு ரவுட்டரைத் தருகிறார். அதையும் சுவிட்சில் செருகிவிடுகிறார்கள். உடனே கணினிகளுக்கு முகவரி வழங்க இரு எசமானர்கள் ஆகிவிடுகிறார்கள். சில கணினிகள் 192.168.1 என்று தொடங்கும் முகவரியையும் மற்றவை 192.168.0 என்று தொடங்குவதையும் வாங்கிக்கொள்கின்றன. முதல் அணிக்கு இணையமும் அச்சும் உண்டு, மற்ற அணிக்கு இரண்டும் இல்லை. நாளை யார் எந்த அணி என்பதும் நிச்சயமில்லை. "எல்லாம் பழுதாய்ப் போச்சு" என்று அறையைப் பூட்டி, கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை காத்திருப்பார்கள். பிடுங்க வேண்டியது ஒரேயொரு வயர்!

முகவரியைப் பார்க்கத் தெரிந்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும். 169.254 என்று தொடங்கினால், முகவரி கேட்ட கணினிக்கு எவரும் பதில் சொல்லவில்லை என்று பொருள். கேபிளையும் சுவிட்சையும் ரவுட்டரையும் பார்க்க வேண்டும். முகவரி சரியென்றால் முதலில் சொந்த ரவுட்டரை 'பிங்' செய்து பார்க்கலாம். அது பதில் தருகிறது, வெளியுலகம் தரவில்லையென்றால், அநேகமாகக் குறை வெளி இணைப்பில்தான். தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுக்கலாம். அறையைப் பூட்ட வேண்டியதில்லை.

மின்னல் வேறு கதை. ஐப்பசி இடிமழையில், இரு கட்டடங்களுக்கிடையே இழுத்த செப்புக் கேபிளே இடியை உள்ளே அழைத்து வரும். அந்த இடைவெளிக்கு ஒளியிழைக் கேபிள்தான் உகந்தது. சுவருக்குள் ஒழுங்கான புவித்தொடுப்பும் வேண்டும். ஆனால் நிலத்தில் புதைத்த செப்புக்கோலில் நன்கொடையாளரின் பெயரைப் பொறிக்க முடியாதே!

இணையம் இல்லையென்றால் வலையமைப்பே வீண் என்ற எண்ணமும் தவறானது. ஒரு பழைய கணினியைச் சேவையகமாக்கி, கடந்தகால வினாத்தாள்களையும், கிவிக்ஸ் மென்பொருள் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவையும் அதிலே வைத்துவிட்டால், வெளி இணைப்பு அறுந்த நாளிலும் இருபது பிள்ளைகள் படிக்கலாம். மாதக் கட்டணம் கட்ட வழியில்லாத பாடசாலைக்கு இதைவிட மலிவான நூலகம் எது?

இதற்கெல்லாம் முதலில் வேண்டியது ஒரு கொப்பி. எந்தக் கேபிள் எங்கே போகிறது, எந்தக் கருவிக்கு எந்த முகவரி, எப்போது என்ன பழுது, யார் எப்படித் திருத்தினார் என்று அதில் எழுதிவைக்க வேண்டும். கடவுச்சொற்கள் உறையிலிடப்பட்டு அதிபரின் அலுமாரியில் இருக்கட்டும். இப்போது இவையாவும் ஓர் ஆசிரியரின் தலைக்குள்ளே இருக்கின்றன. அவருக்கு இடமாற்றம் கிடைத்தால் அவரோடு பஸ் ஏறிப் போய்விடுகின்றன. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு வருபவர்கள் வரவு இடாப்பைக் கேட்பதுபோல் இந்தக் கொப்பியையும் கேட்கலாம். எழுதும் பொறுப்பை மாணவரிடமே விடலாம். வலையமைப்பின் வடிவங்களைக் கரும்பலகையில் பார்த்து வரைந்து புள்ளி வாங்கும் பிள்ளை, ஒரு கேபிளின் முனையைத் தானே பொருத்திப் பார்க்க வேண்டாமா?

"இன்னும் ஐந்து கணினி தரட்டுமா?" என்று லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ அடுத்தமுறை யாரேனும் கேட்டால், அதிபர்கள் துணிந்து வேறொன்றைக் கேட்க வேண்டும்: முனை பொருத்தும் குறடு ஒன்று, கேபிள் சோதிக்கும் கருவி ஒன்று, நூறு முனைகள், மேலதிக சுவிட்ச் ஒன்று. திறப்பு விழா தேவையில்லை.